தனலெட்சுமி கொடுத்த ரத்தம்

அரசாங்கப் பதிவைக் கேட்டால், தனலெட்சுமி, கோகிலன் என்ற நாலு வயதுப் பையனின் தாய். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தாறு வயதாகிறது, அந்த வயிற்றில் ஒருநாளும் எதுவும் தங்கியதில்லை. பையனைப் பெற்றவள் அவளுடைய தங்கை காமினி. பெற்றவளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் இது தொடங்கியது என்று தனலெட்சுமி இன்றைக்கும் சொல்வாள். தொடங்கியது அப்படித்தான். அதை மட்டும் ஒத்துக்கொள்ளலாம்.

காமினி கூடப் பிறந்தவள் அல்ல. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டமொன்றில் வரிசை வீட்டில் அவர்கள் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு பெண், இருபது நாள் குழந்தையைத் தனலெட்சுமியின் அம்மா கையில் கொடுத்துப் பாசாருக்குப் போய்க் காய் வாங்கிவிட்டு வருகிறேன் என்றாள். முப்பது வருடம் ஆகிறது. அந்த மகராசி இன்னும் பாசாரிலிருந்து திரும்பவில்லை. அம்மா குழந்தைக்குக் காமினி என்று பெயர் வைத்துத் தன் பிள்ளையாகவே வளர்த்தாள். அடுத்த வாரம் போய்ப் பதிந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த அப்பா, அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். ஆக, காமினிக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டையும் இல்லை. வங்கியில் கணக்குத் திறக்க முடியாது, கல்யாணத்தைப் பதிய முடியாது, அரசாங்க ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்கும் வரிசையில் அவள் நிற்கவும் முடியாது. பதினொரு வருடமாக மனுப் போட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே பதில் வந்தது.

தனலெட்சுமி பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகத்தளவுச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மற்றவர்கள் இரண்டு வருடத்தில் கண் போகிறது என்று ஓடிவிடுவார்கள். இவள் பதினேழு வருடம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைத் தாண்டிப் பழுது வெளியே போகாது என்று அங்கே பெயர். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்ததும், அம்மா போன பிறகு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டுக்கு வாடகை கட்டியதும், காமினியைப் படிக்க வைத்ததும் அந்தக் கண்தான். இரண்டு சம்பந்தம் வந்தது. தங்கைக்கு ஐசி இல்லை, காலம் முழுக்க நம் தலையில்தான் விழும் என்று தெரிந்ததும் இரண்டும் வந்த வழியே போயின. அப்புறம் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. காமினிக்கோ, சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே மாப்பிள்ளை கிடைத்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டும் மோகனராஜ். கோவிலில் தாலி கட்டினான், அதே ஃபிளாட்டுக்கே குடிவந்தான். அக்கா இருக்கத் தங்கைக்கா என்று நாலு பேர் பேசினார்கள். தனலெட்சுமி சிரித்துக்கொண்டே பந்தியில் சாதம் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் காமினி உண்டானாள். சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் மூன்று பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பதியாத கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளை தாயின் கதியைத்தான் பிடிக்கும். தாய்க்கு நாடு இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை. இன்னொரு முப்பது வருடம், இன்னொரு பரிசீலனை. அப்போது தனலெட்சுமி தன் கைப்பையைத் திறந்து ஐசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என் ஐசியில போ. இந்தக் கொரோனாவுல எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டுல இருக்காங்க. யாரு மூஞ்சியப் பாக்கப் போறா?”

காமினி அவள் காலில் விழாத குறை. மோகனராஜ் அழுதேவிட்டான். அந்த ஒரு நாள் தனலெட்சுமி தெய்வமாக இருந்தாள் என்றால் மிகையில்லை.

காமினி கிளினிக்குக்குப் போனாள். தனலெட்சுமி என்று கூப்பிட்டால் எழுந்தாள், தனலெட்சுமி என்று எழுதிய பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் தாதி, மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் சித்தி ஹாஜரா, நடுவயதுக்காரர், கை பூப்போல இருக்கும் என்று பேர் வாங்கியவர். வலிக்காமல் ரத்தம் எடுத்து அனுப்பினார். புத்தகத்தில் எழுதியிருந்த நம்பர் அக்காவுடையது என்பதால், ஒரு வாரம் கழித்துத் தொழிற்சாலையில் இருந்த தனலெட்சுமிக்குத்தான் போன் வந்தது. சித்தி ஹாஜரா குழம்பியிருந்தார். நாலு வருடத்துக்கு முன் டெங்குவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உங்கள் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று பதிவாகியிருக்கிறது, இப்போது ஓ நெகட்டிவ் என்று வருகிறது, ஒருவருக்கு இரண்டு ரத்தம் இருக்காது, வந்து மறுபடி கொடுங்கள் என்றார்.

டெங்குவில் படுத்ததே தனலெட்சுமிக்கு மறந்துபோயிருந்தது. ரத்தத்தில் ஏதோ ஒத்துப்போகவில்லையாம் என்று மட்டும் வீட்டில் சொன்னதற்கே மோகனராஜ், போலீசு வந்துவிடும், ஊரைவிட்டே போய்விடுவோம் என்று உளறினான். அவள் ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை, இரண்டு நிமிடம்தான் யோசித்தாள். மறுநாள் லீவு போட்டாள், காமினியின் தொளதொள சட்டையை மாட்டிக்கொண்டாள், மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு தானே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பதினான்கு வாரக் கர்ப்பிணி போல எழுந்திருக்கும்போது இடுப்பில் கை வைக்கவும் மறக்கவில்லை.

அன்றைக்கு சித்தி ஹாஜராவுக்கு அவசரம் இல்லாமல் போனதுதான் வினை. ஒருவேளை நெகட்டிவாகவே இருந்தால் தெரிந்திருக்கட்டும் என்று காகிதம் எடுத்துப் படம் போட்டு விளக்கினார். தாய்க்கு நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தத்தில் நாலு சொட்டு தாயின் உடம்புக்குள் போய்விடும். தாயின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து அடித்துக் கொல்ல ஆள் திரட்டி வைக்கும். அந்த ஆளுக்குப் பெயர் ஆண்டிபாடி. முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். காத்திருந்து அடுத்த பிள்ளையைத்தான் அடிக்கும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆண்டிபாடி இருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம், ஏழாவது மாதத்தில் ஓர் ஊசி, பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் இன்னோர் ஊசி, அவ்வளவுதான், ஒரு வம்பும் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். பழுது கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரிந்தது என்று தலையாட்டினாள். சொன்ன விவரத்தை மிஸ்ஸி கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று வந்தது. வராமல் என்ன, அது தனலெட்சுமியின் ரத்தம். அப்படியானால் முதல் தடவை குழாயை மாற்றிவிட்டது மிஸ்ஸிதான் என்று ஆனது. பதினெட்டு வருட சர்வீசில் முதல் முறையாக சித்தி ஹாஜரா விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கர்ப்பிணிகள் பக்கமிருந்து மாற்றி, வாசலில் காய்ச்சல் பார்க்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் போன் செய்து, உங்களை வீணாக அலைக்கழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பரவாயில்லை மிஸ்ஸி, தப்பு எல்லாருக்கும் வருவதுதான் என்று தனலெட்சுமி பெருந்தன்மையாக மன்னித்தாள். அந்த வாயை என்ன சொல்வது?

காமினியிடம், லேபில் குழாய் மாறிவிட்டதாம், சரிசெய்துவிட்டேன் என்றாள். நெகட்டிவ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் காமினி போய் உண்மையைச் சொல்வாள், உண்மை வந்தால் பிள்ளைக்குப் பத்திரம் போய்விடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மிஸ்ஸியே சொல்லியாகிவிட்டது. இந்த ஒன்று போதும், இன்னொரு தரம் இந்தப் பயத்தைத் தாங்க முடியாது என்று காமினியும் சொல்லியிருக்கிறாள். ஒன்றோடு நின்றுவிட்டால் அந்த ஆண்டிபாடி உள்ளேயே கிடந்து மக்கிப் போகட்டுமே!

மறு வருடம் ஜனவரியில், அதே ஐசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த காமினிக்குக் கோகிலன் சுகப்பிரசவமாகப் பிறந்தான். அரைமணி நேரத்தில் வந்துவிட்டான், யாருக்கும் ரத்தம் ஏற்றவோ எடுக்கவோ தேவைப்படவில்லை. பிறந்து மூன்று நாளுக்குள் போடவேண்டிய ஊசி தனலெட்சுமியின் ஞாபகத்தில் இருந்தது. முதல் நாள் இருந்தது, இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் காமினிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் இருந்தது. வாய் திறக்கவில்லை. நாலாம் நாள், இனி பேசிப் பயனில்லை என்று ஒருவித நிம்மதி வந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரம் வாங்கினாள். தாயின் பெயர் தனலெட்சுமி. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் விவரம் கிடைக்கவில்லை என்று இருந்தது. மோகனராஜ் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பத்திரத்தை அக்காவிடமே கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னான்.

இதுவரைக்கும் நடந்ததைப் பயம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். இனிமேல் வருவது பயம் இல்லை.

தடுப்பூசிக்குத் தாய்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தனலெட்சுமி கொண்டுபோனாள். கோகிலனின் அம்மா என்று கூப்பிட்டார்கள். எடை கூடியிருக்கிறது, நன்றாகக் கவனிக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்தபோது தாய்க்கு மட்டும்தான் கட்டில் பக்கத்தில் இடம். காமினி பால் கட்டிய மாரோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே தனலெட்சுமி பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிமார் முன்னால் பெரியம்மா என்று கூப்பிட்டுவிடப் போகிறானே என்று, பேச ஆரம்பித்ததும் வெளியில் போகும்போது அம்மா என்று கூப்பிடப் பழக்கினாள். பிள்ளைக்கு வெளியே எது, உள்ளே எது என்று என்ன தெரியும்? வீட்டிலும் அவளை அம்மா என்றான். காமினி முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஒருநாள் மட்டும், அவனைத் திருத்தேன் அக்கா என்றாள். பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தானே சொல்கிறான் என்றாள் தனலெட்சுமி. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் காமினி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பையனுக்கு மூன்றரை வயதில் காமினி மறுபடி உண்டானாள்.

“ஒண்ணு போதும்னு நீதானடி சொன்ன?” தனலெட்சுமி அப்படிக் கத்தி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“வந்துருச்சுலாக்கா. என்ன செய்றது? இது பொம்பளப் பிள்ளையா இருந்தா எங்கூடவே வச்சுக்குறேன்.”

காமினி கேட்டது அவ்வளவுதான். ஒரு பிள்ளையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒன்றையாவது தனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்தாள்.

இந்த முறை ரத்தம் எடுக்கிற நாளன்று தனலெட்சுமி யாரும் சொல்லாமலே லீவு போட்டாள். உனக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், நான் போகிறேன் என்று காமினியிடம் சொல்லி, அவளுடைய சிறுநீரை ஒரு போத்தலில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். சிறுநீர் தங்கையுடையது, ரத்தம் அக்காவுடையது, பெயர் ஒன்று. புதிய மிஸ்ஸி நூருல் ஹுதா சின்னப்பெண், வாழ்த்துகள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். ஓ பாசிட்டிவ். ஆண்டிபாடி பார்க்கத் தேவையில்லை.

மனசாட்சி என்று ஒன்று அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆறாவது மாதம் நடக்கையில் அது குடைய ஆரம்பித்தது. வேலையில் சில்லுகளைப் பார்க்கும்போது மிஸ்ஸி போட்ட படம் கண்ணில் வந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லி, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் காமினியைப் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் டாக்டரம்மாவைத் தனியே பார்த்து, தங்கைக்கு ஆண்டிபாடி சோதனை செய்யவேண்டும் என்றாள். அந்தம்மா ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் செய்தார். இம்முறை ஊசி சரியான கையில் குத்தியது. நாலாம் நாள் தேநீர் நேரத்தில், தொழிற்சாலை மாடிப்படியில் நின்று தனலெட்சுமி முடிவைக் கேட்டாள். ஆண்டிபாடி இருக்கிறது, அளவும் மிக அதிகம். உள்ளே பிள்ளையின் ரத்தம் அழிந்துகொண்டிருக்கலாம். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஸ்கேனில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவார்கள், நிறையப் பிள்ளைகள் பிழைத்திருக்கின்றன, தள்ளிப்போட மட்டும் வேண்டாம் என்று டாக்டரம்மா இரண்டு தரம் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். காமினி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரிசல்ட் வந்துச்சாக்கா?”

“வந்துச்சு. ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான். வேறு என்னமோ சொல்லத்தான் படியேறி வந்தாள், வாயிலிருந்து இது வந்தது. கோகிலன், அம்மா என்று ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டதுதான் காரணம் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டாள். பிள்ளை மேல் பழியைப் போடக்கூட அவள் கூசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், பாசிட்டிவ் என்று பதிந்தவளுக்கு இந்த ஆண்டிபாடி எப்படி வந்தது என்று முதல் கேள்வியே வரும். அந்த நூலை இழுத்தால் கோகிலனின் பத்திரம் வரைக்கும் வரும். பையனுக்குப் பாலர் வகுப்பில் மனுப் போட்டிருந்தார்கள், அந்தப் பட்டியல் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்தாள். பட்டியல் வந்தது, பேர் இருந்தது. தீபாவளி வருகிறது, நல்ல நாள் பெரிய நாளில் எதற்கு என்று வைத்தாள். தீபாவளிக்குக் காமினிக்கு மெரூன் நிறத்தில் புதுப் புடவை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து மூன்று தரம் போன் வந்தது. நாலாவது தரம் வராதபடி அந்த நம்பரைத் தடுத்து வைத்தாள். போலீசு, ஜெயில், பையனின் எதிர்காலம் என்று அவள் எத்தனை காரணம் அடுக்கினாலும் அடியில் ஒன்றுதான் இருந்தது. உண்மை தெரிந்தால் கோகிலன் காமினியின் பிள்ளையாகிவிடுவான். வயிற்றில் இருப்பதற்கும் தனலெட்சுமிக்கும் என்ன உறவு? அது வந்தாலும் காமினியோடுதான் இருக்கப் போகிறது.

இருபத்தொன்பதாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை, காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை என்று காமினி சொன்னாள். மோகனராஜ் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியிருந்தது. இதயம் நின்றிருந்தது. வலி வரவழைக்க மருந்து கொடுத்து, பன்னிரண்டு மணி நேரம் காமினி கத்திக் கத்திச் செத்த பிள்ளையைப் பெற்றாள். பெண் பிள்ளை. ரத்தப்போக்கு நிற்காததால் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் சந்திரசேகரன் தாளோடு வந்தார். கட்டிலில் காமினி, பக்கத்தில் நாற்காலியில் தனலெட்சுமி. டாக்டர் திரையை இழுத்துவிட்டு மெதுவாகத் தமிழில் பேசினார். இந்தப் பெயரில் மூன்று முறை ஓ பாசிட்டிவ், இரண்டு முறை ஓ நெகட்டிவ் இருக்கிறது, ஒருவருக்கு இரண்டு ரத்தம் கிடையாது, இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றார். யார் என்று நான் கேட்கப் போவதில்லை, நான் டாக்டர், ஆனால் லேப் எழுதத்தான் செய்யும், விசாரிக்க ஆள் வரும் என்றார். பிறகு காமினியைப் பார்த்தார்.

“ஏம்மா, மொதப் பிள்ளைக்கே உங்களுக்கு வெளக்கமா சொல்லியிருக்காங்க. நெகட்டிவ்னா என்ன ஆகும், ஊசி போடணும், அடுத்த பிள்ளைக்கு ஆபத்துன்னு எல்லாம் சொல்லி எழுதியே வச்சிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாய் தெறக்கல? ஒரு ஊசிம்மா.”

காமினிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றாள். டாக்டர் தேதியைப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேதியைக் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். குழாய் மாறிவிட்டது என்று அக்கா லீவு போட்டுப் போன நாள் அது.

“அன்னிக்கு அந்த மிஸ்ஸி உங்கிட்ட சொன்னாங்களா?”

தனலெட்சுமிக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. களைப்பாக இருந்தது. “சொன்னாங்க.”

“செபராங் ஜெயாவுல எடுத்த ரிசல்ட்?”

“அதுலயும் இருந்துச்சு.”

“சொல்லியிருந்தா?”

“காப்பாத்தியிருக்கலாம்னாங்க. கோகிலனுக்காகத்தான்டி நான்...”

காமினி கையை ஓங்கவில்லை, அழவும் இல்லை. அழுது முடித்திருந்தாள். அக்கா அடுக்கிக்கொண்டுபோன காரணங்களை எல்லாம் முடியும்வரை கேட்டாள். அப்போது நூருல் ஹுதா வயதில் ஒரு தாதி எட்டிப் பார்த்து, பிள்ளையைச் சவக்கிடங்கிலிருந்து எடுத்துப் போகத் தாய் ஐசியோடு கீழே போய்க் கையெழுத்துப் போடவேண்டும், சக்கர நாற்காலி கொண்டுவரவா என்று கேட்டாள். தகப்பன் போடலாமே என்றால், தாளில் தகப்பன் இல்லையே. காமினி, பிறகு வருகிறேன் என்று சொல்லித் தாதியை அனுப்பிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“உன் பேர்லதான இருக்கு. நீயே போய் வாங்கிக்க.”

“காமினி, எனக்கு முடியாதுடி.”

“அவன உன் பிள்ளன்னு எழுதி எடுத்துக்கிட்டல்ல? இதையும் எழுதிக்க. ரெண்டும் உன்னுதுதான். போ.”

தனலெட்சுமி போனாள். வேறு யார் போக முடியும்? சவக்கிடங்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டி இருந்தது. முகப்பில் இத்ரீஸ் என்ற வயதான ஊழியர் இருந்தார். அவர் ஐசியை வாங்கிப் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நாலு வருடமாக வேறொரு முகத்தோடும் போய்வந்த ஐசி அது, இங்கே படமும் முகமும் சரியாகப் பொருந்தின. அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. உறவு என்ற இடத்தில் அவள் தாய் என்று எழுதினாள். எழுதிப் பழகிய சொல்தான்.

இத்ரீஸ் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பதறினார். நேற்றுப் பிரசவித்த உடம்பு இப்படி நடந்து வரலாமா, யாரும் கூட வரவில்லையா என்று கடிந்துகொண்டார். உள்ளே போய் அவரே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார், அதன்மேல் தன் துண்டை மடித்து வைத்தார். தன் ஃபிளாஸ்கிலிருந்து சூடாக மைலோ ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒரு பிள்ளை இப்படிப் போயிருக்கிறது, தாய்க்கு இதைவிடப் பெரிய வலி இல்லை, கடவுள் உங்களுக்குப் பொறுமை தரட்டும் என்று மலாயில் சொல்லி, பிள்ளையை எடுத்துவர உள்ளே போனார்.

தனலெட்சுமி, நான் தாய் இல்லை என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, மைலோவைக் கடைசிவரை குடித்தாள்.